சங்கத்து அக்கா பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பென்ஷனையும் கான்டிராக்ட் வேலையையும் பற்றியவை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தார்கள். அதனால் எல்லோருடைய பெயரையுமே எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: நான் தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சங்கத்தில் கிளைச் செயலாளராக இருந்தேன். இருப்பது கோட்டையூரில்.

அக்கா, நான் 2004இல் வேலையில் சேர்ந்த ஆசிரியை. பக்கத்து வகுப்பு டீச்சர் எனக்கு இரண்டு வருடம் முன்னால் சேர்ந்தவர். அவருக்குப் பழைய பென்ஷன், எனக்கு சி.பி.எஸ். என்கிற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். இப்போது உறுதி ஓய்வூதியம் என்கிறார்கள். இதுவும் பழைய பென்ஷனும் ஒன்றுதானா? இனிமேலும் போராட ஏதாவது இருக்கிறதா?
– தேவகோட்டை வாசகி

இரண்டும் ஒன்றில்லை, தங்கச்சி. ஆனால் கையில் இருந்ததைவிட நல்லது.

உங்கள் பக்கத்து வகுப்பு டீச்சர் 1.4.2003க்கு முன்னால் சேர்ந்தவர். பென்ஷனுக்காக அவர் சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை. ஓய்வு பெற்றால் கடைசிச் சம்பளத்தில் பாதி மாதாமாதம் வரும். அகவிலைப்படி ஏறும்போது அதுவும் ஏறும். அவருக்குப் பிறகு குடும்பத்துக்கும் ஓய்வூதியம் உண்டு. உங்களுக்கோ அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் பிடித்தார்கள். அரசும் அதே அளவு போட்டது. கடைசியில் வட்டியோடு ஒரு மொத்தத் தொகை, அவ்வளவுதான். அந்தத் தொகை மகள் கல்யாணத்துக்கோ வீட்டுக் கடனுக்கோ போய்விட்டால் எழுபது வயதில் கைக்கு எதுவும் வராது.

2026 ஜனவரியில் மாநில அரசு அறிவித்த உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தில் கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதி உறுதி. அகவிலைப்படி உயர்வு உண்டு, குடும்ப ஓய்வூதியம் 60 சதவீதம். ஆனால் உங்கள் 10 சதவீதப் பிடித்தம் நிற்காது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டமும் கிட்டத்தட்ட இதே வகைதான். அங்கே 25 வருடம் வேலை பார்த்தவருக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதி கிடைக்கும். ஆக, பிடித்தம் இல்லாத பென்ஷன் வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடும் முன் அரசாணையை முழுதாக வாசியுங்கள். சங்கத்தில் விவரம் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

2003ஐப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஆண்டில்தான் பென்ஷன் போனது. சலுகைப் பறிப்பை எதிர்த்து அதே ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.70 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கப்பட்டார்கள். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமை இல்லை, சட்ட உரிமை இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட்டில் ரங்கராஜன் வழக்கில் சொன்னது. மன்னிப்பு எழுதிக் கொடுத்தவர்களை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. இந்தப் பக்கங்களில் எத்தனையோ வீடுகளில் அந்த மாதம் அடுப்பு எரிந்தது பாத்திரக் கடை அடகில்தான்.

அந்த அடியில் ஒரு சூட்சுமம் இருந்ததாகவே நான் நினைக்கிறேன். உள்ளே இருந்தவரின் பென்ஷனைத் தொடாமல், வரப்போகிறவரின் பென்ஷனை எடுத்தார்கள். வரப்போகிறவர் இன்னும் உறுப்பினரே ஆகவில்லை. அவருக்காக யார் ரோட்டில் உட்காருவார்? உங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே வேலை பார்க்கும் இரண்டு டீச்சர்களுக்கு இரண்டு கதி வந்தது இப்படித்தான். வங்கியிலும் 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்த பிள்ளைகளுக்கு இதே கதை நடந்தது. போராட என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். உங்கள் பள்ளியில் தொகுப்பூதியத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். அடுத்த வெட்டு விழப்போகும் இடம் அது.

அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்று மாதங்கள் ஆகிவிட்டன. கிராஜுவிட்டி வரவில்லை. ஆபீஸில் கேட்டால் ‘ஃபண்டு வரட்டும்’ என்கிறார்கள். எங்கே போவது?
– திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்

தம்பி, முதலில் அப்பாவை வாய்மொழியாகக் கேட்பதை நிறுத்தச் சொல்லுங்கள். எழுத்தில் கேட்க வேண்டும். தேதி போட்டு, வேலையில் சேர்ந்த நாள், ஓய்வு பெற்ற நாள், கடைசிச் சம்பளம் மூன்றையும் குறிப்பிட்டு, ஒப்புகைச் சீட்டோடு தபாலில் அனுப்புங்கள். வேலை முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, கொடுத்தாக வேண்டும், தவறினால் தாமதத்துக்கு வட்டி சேர்த்துக் கொடுக்க வேண்டும். 1972ஆம் வருடச் சட்டம் இதைத்தான் சொன்னது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற புதுச் சட்டத்திலும் இது இருக்கிறது. விண்ணப்பம் தாமதமாக வந்தது என்று சொல்லித் தள்ளுபடி செய்ய முடியாது. நிதி இல்லை என்பது சட்டத்தில் ஒரு காரணமே இல்லை.

பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையில் பணிக்கொடைக்கென்று அதிகாரம் பெற்ற அலுவலரிடம் மனு. அதற்கு மேல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. 2004க்கு முன்னால் இதற்கெல்லாம் நம் ஆட்கள் சென்னைக்கு ரயிலேற வேண்டியிருந்தது.

நம் பஸ்களில் ‘மருது பாண்டியர்’ என்று போக்குவரத்துக் கழகத்தின் பெயர் எழுதியிருந்த காலம் அப்பாவுக்கு நன்றாக நினைவிருக்கும். அந்தக் காலத்து டிரைவர், கண்டக்டர்களின் கோபம் எனக்குத் தெரியும். 2018 ஜனவரியில் ஒரு வாரம் பஸ் ஓடாமல் நின்றதே, அதற்கு ஒரு காரணம் இதுதான்: தொழிலாளியின் சம்பளத்தில் பி.எஃப்.புக்கும் இன்சூரன்ஸுக்கும் சொசைட்டிக்கும் பிடித்த பணத்தைக் கழகங்கள் அந்தந்தக் கணக்கில் கட்டாமல் டீசலுக்கும் டயருக்கும் செலவழித்திருந்தன. பிடித்த பணம் தொழிலாளியின் பணம். பஸ் நஷ்டத்தில் ஓடுகிறது என்றால் அது மகளிருக்கும் மாணவருக்கும் மலையடி கிராமத்துக்கும் ஓடுவதால் வரும் செலவு. அதை அரசு ஏற்க வேண்டும். டிரைவரின் பணிக்கொடையிலிருந்து எடுக்கக் கூடாது. ஓய்வு பெற்றோர் நலச் சங்கத்தில் அப்பாவைச் சேர்த்துவிடுங்கள். ஒருவராக அலைந்தால் களைத்துப்போவார்.

அங்கன்வாடி உதவியாளராக இருக்கிறேன். எங்களுக்குப் பணிக்கொடை உண்டா, இல்லையா?
– பொன்னமராவதி

உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 25 அன்று குஜராத்திலிருந்து வந்த மணிபென் வழக்கில் சொல்லியிருக்கிறது. பணியாளர், உதவியாளர் இருவருக்கும் பொருந்தும். ஓய்வு பெறுகிற சமயத்தில் ஒரு தொகையைக் கொடுத்து ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதி வாங்கப் பார்த்தால் எழுதிக் கொடுக்காதீர்கள். சேர்ந்த நாளின் ஆணை நகல், சம்பளம் ஏறிய வங்கிப் புத்தகம், இரண்டையும் இப்போதே ஒரு பையில் போட்டு வையுங்கள்.

நான் காரைக்குடியில் குப்பை எடுக்கிறேன். கான்டிராக்டர் மூலமா வேலை. பி.எஃப். பிடிக்கிறோம்னு சொல்றாங்க, ஆனா புத்தகம் எதுவும் கொடுக்கலை. பழைய ஆளுங்களுக்கு மட்டும்தான் சங்கம் இருக்கு. எங்களை யாரு சேர்த்துக்குவாங்க? பேத்தி எழுதித் தருகிறாள்.
– கழனிவாசல் பக்கம்

உங்கள் கடிதத்தை எத்தனையோ தடவை வாசித்தேன், ஆத்தா. உங்கள் பேத்தியிடம் சொல்லி இந்தப் பதிலை இரண்டு முறை வாசிக்கச் சொல்லுங்கள்.

முதலில் பி.எஃப். உங்களுக்கு யு.ஏ.என். என்று ஒரு பன்னிரண்டு இலக்க எண் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. எண் கிடைத்தால் பேத்தியே போனில் ‘உமங்’ செயலியில் போட்டு எந்த மாதம் எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். உங்கள் கூலியில் 12 சதவீதம் பிடித்தால் கான்டிராக்டரும் தன் பங்கைப் போட்டாக வேண்டும். உங்கள் பங்கை மட்டும் பிடித்துக் கட்டாமல் விட்டிருந்தால் அது குற்றம். கான்டிராக்டர் ஓடிவிட்டார், மாறிவிட்டார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேலையை யாருக்காகச் செய்கிறீர்களோ அந்த முதன்மை வேலையளிப்பவரும் கூலிக்கும் பி.எஃப்.புக்கும் பொறுப்பு. பழைய சட்டத்திலும் அப்படித்தான், புதிய தொகுப்பிலும் அப்படித்தான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்றும் கேளுங்கள். கையில் கண்ணாடி குத்தினால் நாளைக்கு அதுதான் உதவும்.

இரண்டாவது, நிரந்தரம். இதில் ஆசை காட்டிப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை. தமிழ்நாட்டில் 1981ஆம் வருடச் சட்டம் ஒன்று உண்டு. தொழில் நிறுவனங்களில் 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரமாக வேண்டும் என்று சொல்கிறது. மின்வாரிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் பல வருடம் இந்த வாதத்தோடு நின்று, நீதிபதி காலித் ஆணையம் வரை போய்ப் பலர் உள்ளே வந்தார்கள். ஆனால் உள்ளாட்சி வேலைக்கு அதை அப்படியே நேராகப் பொருத்திவிட முடியாது. 2006இல் உமாதேவி வழக்கில், முறையான தேர்வு இல்லாமல் வந்தவரை நிரந்தரமாக்கச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு எல்லா அலுவலகங்களும் அதையே கேடயமாகப் பிடித்துக்கொண்டன. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அதே நீதிமன்றம் வேறு குரலில் பேசியது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பல வருடம் பெருக்கித் துடைத்த பெண்கள் உள்ளிட்டவர்களின் வழக்கு அது. நிரந்தரமாக இருக்கிற வேலைக்குத் தற்காலிக ஆள் என்று பெயர் வைத்து வருடக்கணக்கில் வேலை வாங்குவது சுரண்டல் என்று சொல்லி, அவர்களைப் பணியில் முறைப்படுத்த உத்தரவிட்டது. குப்பை நாளைக்கு நின்றுவிடுகிற வேலையா? இல்லையே. உங்கள் வழக்குக்கும் உயிர் இருக்கிறது.

ஆனால் வழக்குக்கு ஆதாரம் வேண்டும். நான் வேலை பார்த்த கிளையில் பெருக்குகிற ஒரு அம்மா இருந்தார். வங்கிகளில் பகுதி நேரத் துப்புரவுப் பணியாளருக்கு மூன்றில் ஒரு பங்கு ஸ்கேல் (ஊதிய விகிதம்), பாதி ஸ்கேல் என்று ஒப்பந்தத்திலேயே சம்பளம் உண்டு. அந்த அம்மாவை அதில் சேர்க்காமல், தினமும் வவுச்சர் போட்டுச் செலவுக் கணக்கில் கூலி கொடுத்தார்கள். ஒரு நாள் அவர் பெயரில், ஒரு நாள் அவர் மகள் பெயரில். தொடர்ந்து வேலை பார்த்ததற்குத் தடயம் இருக்கக் கூடாதல்லவா? ஆனால் அந்த வவுச்சர்களுக்குப் பணம் எண்ணிக் கொடுத்தது நான். தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். அந்த நோட்டை வைத்துத்தான் சங்கம் மேலிடத்தில் பேசியது, ஸ்கேல் கிடைத்தது. அதனால் சொல்கிறேன்: தினமும் எந்தத் தெரு, எந்த வண்டி, எந்த மேஸ்திரி என்று பேத்தியை விட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வருகைப் பதிவேட்டை யாராவது போனில் படம் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று கேட்டீர்கள். ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியும் வேலையைத் தொடங்கலாம். ஆனால் நீங்கள் தனியாக ஒன்று தொடங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் ஊரில் நிரந்தரப் பணியாளர் சங்கம் இருக்கிறது என்கிறீர்கள். அந்தச் சங்கத்துத் தலைவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்குத்தான் இந்த வரி: இந்தக் கடிதம் எழுதிய அம்மாவுக்கு இன்றைக்கே உறுப்பினர் ரசீது போடுங்கள். நீங்கள் ஓய்வு பெறும்போது உங்கள் இடத்தை நிரப்பாமல் அங்கே கான்டிராக்டரைத்தான் கொண்டுவருவார்கள். ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போனால் உங்கள் சங்கத்தில் சந்தா கட்ட ஆள் இருக்காது. சென்னையில் 2025 ஆகஸ்ட்டில் இரண்டு மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுத்தபோது, ரிப்பன் மாளிகை முன்னால் வெயிலிலும் மழையிலும் நாள் கணக்கில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நள்ளிரவில் அவர்களைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். அந்தப் பெண்களோடு எத்தனை நிரந்தரச் சங்கங்கள் போய் உட்கார்ந்தன என்பதை ஒவ்வொரு சங்கமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். அரசு ஊழியருக்குச் சம்பளம் நன்றாகத்தானே இருக்கிறது? எங்களைப் போல வேலை கிடைக்காதவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் ஸ்டிரைக் செய்வது நியாயமா?
– பள்ளத்தூர்

நேர்மையாகக் கேட்டீர்கள், நானும் நேராகச் சொல்கிறேன். நீங்கள் படிக்கும் அந்த வேலைக்குச் சம்பளம் நன்றாக இருப்பது தானாக நடந்ததில்லை. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நிற்கத் தொடங்கியபோது, சங்கம் வைப்பதற்கே பாதுகாப்பு கிடையாது. மில் முதலாளிகள் சங்கத் தலைவர்கள் மேலேயே உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகு, 1926இல்தான் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

காலிப் பணியிடங்களை நிரப்பு என்பது எந்த அரசு ஊழியர் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலும் இருக்கும். அதை எடுத்துப் பாருங்கள். அந்தக் கோரிக்கையின் பயன் உங்களைப் போன்ற பிள்ளைகளுக்குத்தான். ஆனால் உங்கள் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஸ்டிரைக் நடக்கும் நாளில் கர்ப்பிணிப் பெண்ணுக்கு பஸ் இல்லை, பென்ஷன் எடுக்க வந்த கிழவருக்கு வங்கி பூட்டு. இதைச் சங்கங்கள் முன்கூட்டியே மக்களிடம் போய்ச் சொல்ல வேண்டும். சந்தையில், பஸ் ஸ்டாண்டில், கோயில் வாசலில் நின்று, எதற்காக இது என்று நாலு வரி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நாங்கள் கொடுத்திருக்கிறோம். திட்டியவர்கள் உண்டு, நின்று கேட்டவர்கள் அதைவிட அதிகம்.

புதுச் சட்டத்தில் ஸ்டிரைக்கே பண்ண முடியாது என்கிறார்களே, உண்மையா?
– மின்வாரிய ஊழியர், புதுவயல்

புதிய தொழில் உறவுத் தொகுப்பைத்தான் சொல்கிறீர்கள். முடியும், ஆனால் வழி குறுகிவிட்டது. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் காத்திருக்க வேண்டும், 60 நாளுக்குள் செய்ய வேண்டும். மின்சாரம், பஸ் போன்ற பொதுப் பயன்பாட்டுத் துறைகளுக்கு நோட்டீஸ் முன்பே உண்டு, இப்போது எல்லாத் தொழில்களுக்கும் வந்துவிட்டது. சமரசப் பேச்சு நடக்கும்போதும் அது முடிந்து ஏழு நாள் வரையும் ஸ்டிரைக் சட்டவிரோதம். பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ பேசிவைத்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அதுவும் ஸ்டிரைக் கணக்குதான். இதை உங்கள் இளைய ஊழியர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். லீவுதானே போட்டோம் என்று நினைத்து மாட்டிக்கொள்ளக் கூடாது. தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடம் போன்ற அரசுப் பணியாளருக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு 1973ஆம் வருட நடத்தை விதிகள் தனி.

வங்கியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வாரம் ஐந்து நாள் வேலை கூட வாங்கித் தராத சங்கத்துக்கு ஏன் சந்தா? அதுவும் எங்கள் கிளையில் மூன்று சங்கம்.
– கானாடுகாத்தான்

ஐந்து நாள் வேலை நியாயமான கோரிக்கை. 2024 மார்ச் 8இல் கையெழுத்தான 12ஆவது இருதரப்பு ஒப்பந்தத்தின்போது வங்கி நிர்வாகங்களின் சங்கமும் எல்லாச் சனிக்கிழமையும் விடுமுறை என்பதற்கு ஒத்துக்கொண்டது. அரசு ஒப்புதலுக்குப் போய் அங்கே நின்றது. அதே ஒப்பந்தத்தில்தான் 17 சதவீத உயர்வு. அதை உங்கள் சம்பளச் சீட்டில் பார்க்கலாம்.

நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து கிளம்பியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். அவர் 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தார். நம் மண்ணில் தனியாராகப் பிறந்த வங்கி அது. 1969 ஜூலை 19இல் நாட்டுடைமையான 14 வங்கிகளில் அதுவும் ஒன்று. பெரிய வீட்டுக்காரர்கள் கணக்கு வைத்த இடத்தில் அதற்குப் பிறகுதான் ஆத்தங்குடியில் கல் போடுகிறவரும், சந்தையில் கீரை விற்கிறவரும் கவுண்டர் முன்னால் நின்றார்கள். 2021 பட்ஜெட்டில் இரண்டு அரசு வங்கிகளைத் தனியாருக்குக் கொடுப்போம் என்று அறிவித்தார்கள். அந்த மார்ச் 15, 16 இரண்டு நாளும் நாடு முழுக்க வங்கிகள் மூடிக் கிடந்தன. சம்பளத்துக்காக இல்லை, அந்தக் கவுண்டருக்காக. இதைச் செய்ய ஒரு அமைப்பு வேண்டும், அந்த அமைப்பை நடத்தச் சந்தா வேண்டும்.

மூன்று சங்கம் என்பதுதான் எனக்கும் வருத்தம். புதிய தொழில் உறவுத் தொகுப்பில் 51 சதவீதம் உறுப்பினர் உள்ள சங்கம்தான் தனியாகப் பேச முடியும். யாருக்கும் அது இல்லையென்றால் 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பவர்கள் சேர்ந்த குழு பேசும். அதற்கும் கீழே போனவருக்கு நாற்காலியே கிடையாது. மூன்றில் எது உங்கள் கிளையில் ஏ.டி.எம். காவலாளியையும் தினக்கூலிப் பியூனையும் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறது என்று பாருங்கள். அதில் சேருங்கள். மூன்றுமே கூப்பிடவில்லை என்றால், சேர்ந்த முதல் கூட்டத்தில் நீங்களே அவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள், எனக்கும் எழுதுங்கள்.